கோடையைக் கோட்டை விடுவது எப்படி?

உங்கள் மகள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. டாக்டராகப் போகிறாள். மொட்டை போட்டுக் காது குத்திய அன்றே நீங்கள் எடுத்த முடிவு. அவளுக்கும் பிற்பாடு சொல்லிவிட்டீர்கள். அமெரிக்காவில் பள்ளிப் படிப்பு முடிந்த கையோடு மருத்துவக் கல்லூரிக்குள் நுழைவது அபூர்வம். நாலு வருஷம் ஏதாவது ஒரு பட்டம், அதற்குள் எம்கேட் என்கிற மருத்துவ நுழைவுப் பரீட்சை, அப்புறம்தான் விண்ணப்பம். இந்த நாலு வருஷத்துக்கு நடுவே மூன்று கோடை விடுமுறைகள் வரும். எந்த லேபில் இருந்தாள், எந்த ஆஸ்பத்திரியில் வாலண்டியராகப் போனாள் என்று மருத்துவக் கல்லூரிகள் கேட்கும். ஆம்காஸ் என்கிற பொது விண்ணப்பத்தில் இதற்கென்றே 15 கட்டங்கள் இருக்கின்றன.

மூன்று கோடைகளையும் மிச்சமில்லாமல் வீணாக்க ஒரு முறை உண்டு. நியூஜெர்சி முதல் ஃப்ரீமாண்ட் வரை பல வீடுகளில் பலன் தந்த முறை. பாதியை நீங்களாகவே கடைப்பிடித்து வருகிறீர்கள். மீதிக்குத்தான் நான்.

1. மே மாதம் வரை அசையாதீர்கள்

கோடை வேலையைக் கோடையில்தானே தேட வேண்டும்? ஆனால் இந்த நாட்டில் அதைக் குளிர்கால வேலையாக்கி வைத்திருக்கிறார்கள். மேரிலாந்தின் பெத்தெஸ்டாவில் இருக்கும் தேசிய சுகாதார நிறுவனம், எல்லோரும் என்.ஐ.ஹெச். என்பார்களே, அது தன் கோடைப் பயிற்சிக்கு வழக்கமாக முந்தின நவம்பரில் விண்ணப்பத்தைத் திறந்து பிப்ரவரியில் மூடிவிடும். மேயோ கிளினிக்கின் பத்து வார ஆராய்ச்சித் திட்டம், ஆம்ஜென் ஸ்காலர்ஸ் ஆராய்ச்சித் திட்டம், முதலிரண்டு ஆண்டு மாணவர்களுக்கு இலவசமாக நடக்கும் சம்மர் ஹெல்த் ப்ரொஃபஷன்ஸ் எஜுகேஷன் ப்ரோகிராம் எல்லாமே பிப்ரவரி தொடக்கத்தை ஒட்டி முடிந்துவிடும். தேசிய அறிவியல் அறக்கட்டளை பணம் தரும் ஆர்.இ.யூ. என்ற இளநிலை மாணவர் ஆராய்ச்சித் திட்டங்களில் பெரும்பாலானவை ஜனவரிக்கும் மார்ச்சுக்கும் நடுவில்.

ஆகவே நவம்பரில் தேங்க்ஸ்கிவிங் தள்ளுபடியில் டி.வி. வாங்குங்கள். டிசம்பரில் ஊருக்குப் போங்கள். ஜனவரியில் ஜெட்லாக். பிப்ரவரியில் தமிழ்ச் சங்கத்தின் பொங்கல் விழா (பள்ளிக்கூட ஹால் அப்போதுதான் காலி). ஏப்ரலில் வருமான வரி. மே இரண்டாம் வாரம், அவள் பரீட்சை முடித்து மூட்டை முடிச்சோடு வீட்டுக்குள் நுழையும்போது, "சம்மருக்கு என்ன ப்ளான்?" என்று கேளுங்கள். குரலில் கொஞ்சம் அதிர்ச்சி இருக்க வேண்டும்.

தப்பித்தவறி அவளே ஜனவரியில் விண்ணப்பிக்கத் தொடங்கிவிட்டால் கவலை வேண்டாம். பல திட்டங்கள் இரண்டு பரிந்துரைக் கடிதங்கள் கேட்கும். கடைசித் தேதிக்கு முந்தின இரவு பதினொன்றரை மணிக்குப் பேராசிரியருக்கு மெயில் போடச் சொல்லுங்கள். முன்னூறு பேர் உட்காரும் கெமிஸ்ட்ரி வகுப்பில், கதவுக்குப் பக்கத்தில், வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்த பெண்ணை அவருக்கு நன்றாக நினைவிருக்கும்.

2. சபையில் சொல்லக்கூடிய பெயருக்கு மட்டும் விண்ணப்பியுங்கள்

பட்டியல் எழுதுங்கள்: ஹார்வர்ட், ஸ்டான்ஃபோர்ட், ஜான்ஸ் ஹாப்கின்ஸ். பட்டியல் முடிந்தது.

அவள் படிக்கும் பல்கலைக்கழகத்திலேயே, விடுதியிலிருந்து மூன்று கட்டடம் தள்ளி, லேப்கள் இருக்கும். சொந்த மாணவர்கள் கோடையில் தங்கி ஆராய்ச்சி செய்யப் பல கல்லூரிகள் உதவித்தொகையே ஒதுக்கி வைத்திருக்கும். ஒரு பேராசிரியர் சம்மதித்தால் போதும் என்ற நிலையில் அந்தப் பணம் காத்துக் கிடக்கும். அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்காதீர்கள். கேட்பவர்களிடம் "அவ காலேஜ்லயே இருக்கா" என்று சொல்லிப் பாருங்கள். எடுபடாது.

ஆர்.இ.யூ.வுக்கு விண்ணப்பித்தே தீருவேன் என்று அவள் அடம்பிடித்தால் கட்டுரையை நீங்களே எழுதிக் கொடுங்கள். தேசிய அறிவியல் அறக்கட்டளை பொதுவாக நோய், சிகிச்சை சார்ந்த ஆராய்ச்சிக்குப் பணம் கொடுப்பதில்லை. அதற்கு வேண்டியது நாளைய விஞ்ஞானிகள். எனவே முதல் வரியிலேயே, "ஐந்து வயதில் பாட்டியின் கையைப் பிடித்தபடி மருத்துவராவேன் என்று சபதமெடுத்தேன்" என்று தொடங்குங்கள். மிச்சத்தை அவர்கள் படிக்கவே வேண்டியிருக்காது.

3. தகுதி வரியைப் படிக்காதீர்கள்

என்.ஐ.ஹெச். பயிற்சிக்கும் ஆர்.இ.யூ.வுக்கும் அமெரிக்கக் குடியுரிமையோ கிரீன் கார்டோ வேண்டும். கிரீன் கார்டு வரிசையில் பத்துப் பன்னிரண்டு வருஷமாக நிற்கும் குடும்பங்களில், பெற்றோரைச் சார்ந்த ஹெச்-4 விசாவில் வளர்ந்து, மாணவர் விசாவான எஃப்-1க்கு மாறிய பிள்ளைகள் ஏராளம். இந்த ஒற்றைத் தகுதி வரி விண்ணப்பத்தின் முதல் பக்கத்திலேயே இருக்கும். அதைத் தாண்டிப் போய், மூன்று வாரம் கட்டுரை எழுதி, இரண்டு பேராசிரியர்களைத் தொந்தரவு செய்து, கடைசியில் கண்டுபிடியுங்கள். பேராசிரியரே தன் கையிலிருக்கும் நிதியில் சேர்த்துக்கொள்ளக் கூடுமா என்று விசாரிப்பதோ, சர்வதேச மாணவர் அலுவலகத்தில் எது செல்லும் எது செல்லாது என்று கேட்பதோ இந்த முறைக்குள் வராது.

கிரீன் கார்டு இருந்தும் இடம் கிடைக்கவில்லையா? 2025-இல் என்.ஐ.ஹெச். அந்த வருஷத்துக் கோடைப் பயிற்சியையே ரத்து செய்தது; உண்மையாகவே பல பிள்ளைகள் அடிபட்டார்கள். இந்தக் காரணத்தைப் பத்திரப்படுத்தி வையுங்கள். 2024-இல் கிடைக்காமல் போனதற்கும் இதையே சொல்லலாம்.

4. பேராசிரியருக்கு நீங்களே மெயில் எழுதுங்கள்

அவள் தூங்கிய பிறகு லேப்டாப்பைத் திறந்துகொள்ளுங்கள். பயாலஜி துறையின் முழுப் பட்டியலையும் காப்பி செய்யுங்கள். தாவரவியல்காரர், பல்லி ஆராய்கிறவர், போன வருஷம் ஓய்வு பெற்றவர், யாரையும் விடாதீர்கள். விலாசங்கள் எல்லாவற்றையும் "டு" கட்டத்தில் போடுங்கள். யார் யாருக்கெல்லாம் போயிருக்கிறது என்று அவர்களும் பார்த்துக்கொள்ளட்டும்.

தலைப்பு: "வாய்ப்பு." விளிப்பு: "மதிப்பிற்குரிய ஐயா." அம்மையாராக இருந்தால் இன்னும் விசேஷம். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக அனுப்புகிற அளவுக்குப் பொறுமை இருந்தால் பெயரை மட்டும் வெட்டி ஒட்டுங்கள். ஒட்டிய பெயர் வேறு எழுத்துருவில், அரைச் சுற்றுப் பெரிதாக, சாம்பல் நிறப் பின்னணியோடு பளிச்சென்று தெரியும். ஏழாவது மெயிலில் பெயரை மாற்ற மறந்துவிடுங்கள்.

"தங்கள் ஆராய்ச்சி என்னை மிகவும் கவர்ந்தது." எந்த ஆராய்ச்சி என்று மூச்சு விடக் கூடாது. அந்த அம்மையார் சீப்ரா மீனின் இதயம் வெட்டுப்பட்ட பிறகு எப்படித் திரும்ப வளர்கிறது என்று பல வருஷமாகப் பார்த்துக்கொண்டிருப்பார். "தங்கள் நோயாளிகளுக்குச் சேவை செய்ய விழைகிறேன்" என்று முடியுங்கள்.

இணைப்பாக ஆறு பக்க ரெஸ்யூமே. மூன்றாம் வகுப்பு ஸ்பெல்லிங் பீ, கராத்தேயில் பச்சை பெல்ட், பரதநாட்டிய அரங்கேற்றம் எல்லாம் இருக்கட்டும். அரங்கேற்றத்துக்கு மட்டும் போட்டோவும் சேருங்கள்.

வேறு மாதிரி எழுதுகிற பிள்ளைகளும் உண்டு. யார் கையில் ஆராய்ச்சிப் பணம் இருக்கிறது, எந்த வருஷம் வரை இருக்கிறது என்பதை என்.ஐ.ஹெச். ரிப்போர்ட்டர் என்ற பொதுப் பதிவேட்டில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அதில் தேடி, நாலைந்து பேரைப் பொறுக்கியெடுத்து, ஆளுக்கு ஒரு கட்டுரையாவது படித்து, "இதில் மூன்றாவது படம் எனக்குப் புரியவில்லை, இன்ன நாட்களில் வர முடியும், பத்து நிமிஷம் பேசலாமா?" என்று ஆறு வரியில் கேட்டுவிடுவார்கள். பதில் வராவிட்டால் ஒரு வாரம் பொறுத்து, ஒரே ஒரு தடவை நினைவூட்டுவார்கள். அப்படிப்பட்டவர்களோடு உங்கள் மகளைப் பழக விடாதீர்கள். நீங்கள் மூன்று மணி நேரத்தில் நினைவூட்டுங்கள். ராத்திரி இரண்டு மணிக்கு.

யாராவது, "என் போஸ்ட்டாக்கிடம் பேசுங்கள்" என்று பதில் போட்டால் அவமானப்படுத்திவிட்டார்கள் என்று அர்த்தம். தினமும் லேபில் நின்று கற்றுக்கொடுக்கப் போகிறவரே, பிஹெச்.டி. முடித்து அங்கே ஆராய்ச்சி செய்யும் அந்த போஸ்ட்டாக்தான் என்பது உங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை.

5. ஆஸ்பத்திரிக்கு ஜூன் ஒன்றாம் தேதி போங்கள்

வாலண்டியர்தானே, சம்பளமில்லாமல் வருகிறேன் என்றால் வாசலிலேயே ஆரத்தி எடுப்பார்கள் என்று நம்புங்கள். அவர்கள் முதலில் தடுப்பூசிச் சான்று கேட்பார்கள். தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா, சின்னம்மை. அந்தச் சான்று ஊரில் ஒரு டிரங்குப் பெட்டியில், நீல மசியில் எழுதிய அட்டையாக இருக்கும். இல்லாவிட்டால் ரத்தப் பரிசோதனை. அப்புறம் காசநோய்ச் சோதனை. தோலில் ஊசி போட்டால் 48 மணி நேரத்துக்குப் பிறகு, 72 மணி நேரத்துக்குள் மறுபடி போய்க் காட்ட வேண்டும். வெள்ளிக்கிழமை போட்டுக்கொண்டு திங்கட்கிழமை சாயங்காலம் காட்டப் போனால் முதலிலிருந்து தொடங்குவார்கள். பிறகு பின்னணி விசாரணை. பிறகு மாதத்துக்கு ஒரு தடவை நடக்கும் அறிமுக வகுப்பு. ஆகஸ்ட் இரண்டாம் வாரம் கையில் பேட்ஜ் வரும். மூன்றாம் வாரம் கல்லூரி திறக்கும். பல ஆஸ்பத்திரிகள் ஆறு மாதமோ நூறு மணி நேரமோ வருவேன் என்று எழுதி வாங்கிக்கொள்ளும். சும்மா கையெழுத்துப் போடச் சொல்லுங்கள், யார் கேட்கப் போகிறார்கள்.

எப்படியோ அவள் முன்கூட்டியே ஏற்பாடு செய்து, எமர்ஜென்சியில் வாரம் ஒரு நாள் போக ஆரம்பித்துவிட்டால், முதல் நாள் ராத்திரியே விசாரியுங்கள். என்ன செய்தாய்? போர்வை எடுத்துக் கொடுத்தேன் என்பாள். சூடேற்றும் அலமாரியிலிருந்து வெதுவெதுப்பாக எடுத்து, காலிலிருந்து மேலே போர்த்த வேண்டுமாம். ஒரு தாத்தா குடிக்கத் தண்ணீர் கேட்டாராம். எடுத்துக் கொடுக்கப் போனவளை நர்ஸ் தடுத்து, அவரை ஆபரேஷனுக்குப் பட்டினி போட்டிருக்கிறார்கள், யார் எது கேட்டாலும் முதலில் என்னிடம் கேள் என்றாராம். இவள் திரும்பிப் போய், தண்ணீர் கிடையாது என்பதை அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டியிருந்ததாம். இதைச் சொல்லும்போது அவள் சாப்பிடுவதை நிறுத்தியிருப்பாள்.

"இதுக்கா ஐம்பதாயிரம் டாலர் கட்டறோம்?" என்று கேளுங்கள்.

6. ஆள் தேவைப்படும் இடங்களை அறவே தவிருங்கள்

இதுதான் கஷ்டமான படி. ஏனென்றால் இந்த இடங்கள் அவளைத் தேடிக்கொண்டே இருக்கின்றன.

ஹாஸ்பிஸை எடுத்துக்கொள்ளுங்கள். இனி குணமாகாது என்று தெரிந்தவர்களை வலியில்லாமல் பார்த்துக்கொள்ளும் சேவை. முதியோருக்கான அரசு இன்ஷூரன்ஸான மெடிகேரிடம் பணம் வாங்கும் எந்த ஹாஸ்பிஸும், சம்பள ஊழியர்கள் நோயாளிகளுக்குத் தரும் நேரத்தில் குறைந்தது 5 சதவீதத்துக்குச் சமமான நேரத்தை வாலண்டியர்களைக் கொண்டு நிரப்பியாக வேண்டும் என்பது மத்திய அரசின் விதி. அதனால் ஆள் தேடிக்கொண்டே இருப்பார்கள். பயிற்சியும் கொடுப்பார்கள். வாரம் ஒரு தடவை ஒரு பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்து அவரோடு பேஸ்பால் பார்ப்பாள், பழைய கதை கேட்பாள், மனைவி கடைக்குப் போய்வரும் வரை துணைக்கு இருப்பாள். நீங்கள் ஒரே வார்த்தையில் முடித்துவிடுங்கள்: "அபசகுனம்."

ரிமோட் ஏரியா மெடிக்கல் என்று டென்னசியில் ஒரு தொண்டு நிறுவனம். ஸ்டான் பிராக் என்பவர் 1985-இல் தொடங்கியது. சனி ஞாயிறுகளில் ஊர் ஊராகப் போய்ப் பல், கண், பொது மருத்துவம் மூன்றும் இலவசமாகப் பார்ப்பார்கள். இன்ஷூரன்ஸ் இல்லாதவர்கள் முந்தின ராத்திரியே வந்து காரில் படுத்துக் கிடப்பார்கள். மருத்துவப் படிப்பு இல்லாத வாலண்டியர்களுக்கும் அங்கே வேலை உண்டு. ஒரு பல்லைப் பிடுங்கிக்கொள்வதற்காகக் குளிரில் காத்திருக்கிற அமெரிக்கர்களை உங்கள் மகள் பார்த்துத் தொலைத்தால், அப்புறம் உங்கள் இன்ஷூரன்ஸ் பேச்சுக்கெல்லாம் எதிர்ப்பேச்சு பேசுவாள். வேண்டாம்.

சம்பளம் கிடைக்கிற வேலைகள் இன்னும் ஆபத்து. நர்ஸிங் உதவியாளர் பயிற்சிக்கு மத்திய அரசு வைத்திருக்கும் குறைந்தபட்ச வரம்பு 75 மணி நேரம்தான். சில மாநிலங்களில் கூடுதல். அதை முடித்தால் முதியோர் இல்லத்தில் குளிப்பாட்டவும், புரட்டிப் படுக்க வைக்கவும், மலம் துடைக்கவும் சம்பளத்தோடு வேலை. டாக்டர் பக்கத்தில் நின்று அவர் சொல்வதைக் குறிப்பெடுக்கும் ஸ்க்ரைப் வேலையும் அப்படியே. ஒரு கோடையில் ஒரு பெண் நோயாளிகளை இவ்வளவு கிட்டத்தில் பார்க்க வேறு வழி குறைவு. "பெட்பேன் எடுக்கவா ஃப்ரிஸ்கோவுல வீடு வாங்கினோம்?" என்று உங்கள் மனைவி கேட்பார். நீங்கள் தலையாட்டுங்கள்.

7. ஷேடோயிங் என்றால் அங்கிள்

டாக்டர் நிழலாக ஒட்டிக்கொண்டு போய், அவர் நோயாளிகளைப் பார்ப்பதைப் பார்ப்பதற்குப் பெயர் ஷேடோயிங். தமிழ்ச் சங்கத்தில் ஒரு கார்டியாலஜிஸ்ட் இருப்பார். அவரைப் பிடியுங்கள். அவரை மட்டும். குடும்ப மருத்துவர், குழந்தை மருத்துவர், கிராமத்து கிளினிக் எதுவும் கூடாது; மூன்று கோடையும் அதே அங்கிள், அதே ஸ்டென்ட். இரண்டாவது நாளே, "வர வேண்டாம்மா, நான் கையெழுத்துப் போட்டுடறேன்" என்று அவர் பெருந்தன்மையாகச் சொல்வார். மறுப்பது மரியாதைக் குறைவு.

கணக்கு எதுவும் எழுதி வைக்காதீர்கள். இரண்டு வருஷம் கழித்து, விண்ணப்பம் நிரப்பும் ராத்திரியில், 200 மணி நேரம் என்று முழு எண்ணாகப் போடுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் விசாரிக்க ஒரு ஆள் பெயரும் தொடர்பும் கேட்பார்கள். அங்கிளிடம் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டாம், "எந்தப் பொண்ணு?" என்று அவர் இயல்பாகக் கேட்டால்தான் நம்பும்படி இருக்கும்.

8. எதுவும் அமையவில்லையா, ஊருக்கு டிக்கெட் போடுங்கள்

பெரியப்பாவுக்கு மதுரைப் பக்கம் நர்ஸிங் ஹோம் இருக்கிறது. அங்கே யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். வெள்ளைக் கோட்டு மாட்டி, ஸ்டெத்தும் போட்டு, "அமெரிக்காவிலிருந்து டாக்டரம்மா வந்திருக்காங்க" என்று அறிமுகப்படுத்துவார்கள். பத்தொன்பது வயதுப் பெண் தையல் போடட்டும், ஊசி குத்தட்டும். வயலில் கால் கிழித்துக்கொண்டு வந்த அம்மாவிடம் சம்மதம் கேட்கிற வழக்கம் எதற்கு? போட்டோ எடுத்து இன்ஸ்டாகிராமில் போடுங்கள், அந்த அம்மாவின் முகம் தெளிவாகத் தெரியட்டும்.

அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளின் சங்கம் இதற்கென்றே 2011-இல் வழிகாட்டி வெளியிட்டது. பயிற்சியும் உரிமமும் இல்லாமல் இங்கே செய்யக் கூடாததை வெளிநாட்டில் போயும் செய்யாதே என்பதுதான் அதன் சாரம். இப்படிச் செய்தது சேர்க்கைக்கே பாதகமாகக்கூடும் என்கிறது. ஆகையால் இதை விண்ணப்பத்தின் முதல் கட்டத்திலேயே, தடித்த எழுத்தில் போடுங்கள். குற்றத்தை ஒப்புக்கொள்ள இதைவிட வசதியான படிவம் கிடைக்காது.

பெரியப்பா இல்லாதவர்கள் மனம் தளர வேண்டாம். பல ஆயிரம் டாலர் வாங்கிக்கொண்டு, இரண்டு வாரம் ஏதாவது ஒரு ஏழை நாட்டுக்கு அழைத்துப் போய், டி-ஷர்ட்டும் கடற்கரையும் சேர்த்துக் கொடுக்கும் கம்பெனிகள் இருக்கின்றன.

9. லேபில் இடம் கிடைத்துவிட்டால்

எவ்வளவு தடுத்தும் சில பிள்ளைகளுக்குக் கிடைத்துவிடும். அப்போதும் வழி இருக்கிறது. முதல் இரண்டு வாரம் பிப்பெட் நுனிகளைப் பெட்டியில் அடுக்கவும், கரைசல் கலக்கவும், பாதுகாப்புப் பயிற்சி முடிக்கவும் சொல்வார்கள். இரண்டாவது வாரக் கடைசியில், "பேப்பரில் என் பெயர் வருமா?" என்று கேட்கச் சொல்லுங்கள். புரதத்தைக் கண்டறியும் வெஸ்டர்ன் பிளாட் சோதனை மூன்றாவது தடவையும் சொதப்பினால், எதனால் என்று லேப் நோட்டில் எழுதாமல், காரில் உங்களிடம் அழுதால் போதும். கடைசி நாளில் பரிந்துரைக் கடிதம் கேட்டுவிட்டு, அதற்கப்புறம் அந்தப் பக்கமே தலைகாட்டக் கூடாது.

10. கட்டங்களை நீங்களே நிரப்புங்கள்

பதினைந்து கட்டங்கள், ஒவ்வொன்றுக்கும் 700 எழுத்து. இடைவெளியும் எழுத்துக் கணக்கில் சேரும். மூன்றை மட்டும் மிக முக்கியமானவை என்று தேர்ந்தெடுத்தால், அவற்றுக்குக் கூடுதலாக 1,325 எழுத்து கிடைக்கும். அவளைக் கேட்டால் போர்வையைச் சொல்வாள், தண்ணீர் கேட்ட தாத்தாவைச் சொல்வாள். அவளைக் கேட்காதீர்கள். அங்கிளைப் போடுங்கள், மதுரையைப் போடுங்கள், கராத்தேயைப் போடுங்கள். 'ஆழ்ந்த ஆர்வம்' என்ற சொற்கள் கட்டத்துக்கு இரண்டு தடவையாவது வரட்டும்.

இவ்வளவுக்கும் பிறகு எங்கிருந்தாவது நேர்முகத்துக்கு அழைப்பு வந்தால் பதற்றப்படாதீர்கள். "நீ சந்தித்த ஒரு நோயாளியைப் பற்றிச் சொல்" என்று கேட்பார்கள். கேட்காமல் இருக்க மாட்டார்கள். முன்பெல்லாம் இந்த இடத்தில் பெற்றோருக்கு வேலையே இல்லாமல் போய்விடும். உள்ளே விட மாட்டார்கள். 2020-க்குப் பிறகு பல கல்லூரிகள் நேர்முகத்தை ஜூமுக்கு மாற்றிவிட்டதால் அந்தக் குறையும் தீர்ந்தது. கேமராவுக்குப் பின்னால் நின்றுகொள்ளுங்கள். பெரிய எழுத்தில் எழுதிய அட்டைகளைத் தயாராக வையுங்கள். அவளுடைய மூக்குக் கண்ணாடியில் அட்டை பிரதிபலிக்கும், ஆகவே கண்ணாடியைக் கழற்றிவிடச் சொல்லுங்கள். கண்ணாடி இல்லாமல் அவளுக்கு அட்டை தெரியாது என்றால், எழுத்தை இன்னும் பெரிதாக்குங்கள்.